வயதான படைவீரரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள: எங்கிருந்து தொடங்குவது?

அப்பா கழிவறையில் வழுக்கி விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருத்துவமனையில் இருந்தவரை எல்லாம் நடந்தது. வீட்டு வாசலில் ஆம்புலன்ஸிலிருந்து அவரை இறக்கியபோதுதான், இனி இவரை யார் எழுப்பி உட்காரவைப்பது, யார் குளிப்பாட்டுவது, எத்தனை மாதத்துக்கு என்ற கேள்வி எனக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து 1982-ல் ஓய்வு பெற்றவர். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "மிலிட்டரிக்காரர்தானே, கவர்ன்மென்ட்டே பார்த்துக்குமே" என்றார்கள். பாதிதான் உண்மை. உதவி இருக்கிறது, ஆனால் ஒரே கவுன்டரில் இல்லை. மருந்து ஓர் இடத்தில், பென்ஷன் இன்னோர் இடத்தில், மானியம் மூன்றாவது இடத்தில். வீட்டுக்கே வந்து கையைக் காலை நீட்டி மடக்கிவிடும் பிசியோதெரபிஸ்ட், ராணுவத்துக்குச் சம்பந்தமே இல்லாத நாலாவது இடத்திலிருந்து வருகிறார். இவற்றையெல்லாம் கூட்டிச் சேர்ப்பது வீட்டில் இருக்கும் ஒருவருடைய வேலை. எங்கள் வீட்டில் அது நான்.

நான் ஒன்றரை வருடத்தில் தட்டித் தடவிக் கற்றதை, இப்போதுதான் தொடங்கும் குடும்பங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். வேலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆட்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் அப்படி அமையாது.

முதல் வேலை: டிரங்க் பெட்டி

கட்டிலுக்கடியில் கறுப்பு டிரங்க் பெட்டி இருக்கும். மேலே வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர். அவர் நினைவாக இருக்கும்போதே, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதைத் திறங்கள். எடுக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புத்தகம் (ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்தது), பிபிஓ (பென்ஷன் ஆணை, திருத்தி வந்திருந்தால் அதுவும்), முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு, இருவருடைய ஆதார், பான், வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படமெடுத்து, வீட்டில் இரண்டு பேர் கைபேசியில் வைத்திருங்கள்.

அடுத்து, இந்தக் காகிதங்களை அருகருகே வைத்து நான்கு விஷயங்களை மட்டும் ஒப்பிடுங்கள். அப்பாவின் பெயர், அவர் பிறந்த தேதி, அம்மாவின் பெயர், அம்மா பிறந்த தேதி. எங்கள் வீட்டில் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருந்த அம்மாவின் பெயரும் ஆதாரில் இருந்த பெயரும் ஒன்றாக இல்லை. ஆதாரில் 'அம்மாள்' சேர்ந்திருந்தது. கல்யாணமான புதிதில் யாரோ ஒரு கிளார்க் கேட்டு எழுதிய பெயர், நாற்பத்தைந்து வருடம் யாருக்கும் தொந்தரவு தராமல் இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் அதனாலேயே ஓர் அலுவலகத்தில் கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குறையைச் சொன்னார்கள். மற்ற குறைகளை அடுத்த முறை சொன்னார்கள். அந்த மூன்று மாதமும் அம்மா தன் பெயரில்தான் குற்றம் என்பதுபோல் நடந்துகொண்டார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெயரோ தேதியோ மாறியிருந்தால் திருத்துவது, அவருடைய பிரிவின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. எம்இஜிக்கு (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக், இஎம்இக்கு (மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவு) செகந்திராபாத். நீங்கள் நேரில் போக வேண்டியதில்லை. அஃபிடவிட், ஆதார் நகல், டிஸ்சார்ஜ் புத்தக நகல் ஆகியவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பலாம். அங்கே பதிவை மாற்றிய பிறகு, திருத்திய பிபிஓ வரும். மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் இதை முதல் வேலை என்கிறேன். அவரால் கையெழுத்துப் போட முடிகிற காலத்தில் சில மாதத்தில் முடியும் வேலை, பக்கவாதம் வந்த பிறகு ஒரு வருடத்தை எடுத்துக்கொள்ளும்.

கை நடுங்குகிறதா? வங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போட முடியாத முதியவர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்க வழி உண்டு. அதில் ஒருவர் வங்கி ஊழியராக இருக்க வேண்டும். 70 வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பென்ஷன் கணக்கில் அம்மாவின் பெயரும் சேர்ந்து, இருவரில் ஒருவரோ மற்றவருக்குப் பின் இருப்பவரோ இயக்கலாம் என்ற வகையில் இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

பென்ஷனில் விட்டுப்போன பணம்

பராமரிப்புக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி மருந்தல்ல, ஆள் கூலி. அதைப் பென்ஷனிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும். ஆகவே பென்ஷன் முழுதாக வருகிறதா என்று பாருங்கள்.

80 வயது நிறைந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் 100 சதவீதம். இது தானாக ஏறும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பழைய பிபிஓ பலவற்றில் பிறந்த தேதியே இருக்காது. தேதி இல்லையென்றால் 80 ஆனது யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு 2023-ல் 80 நிறைந்தது. கூடுதல் தொகை ஏறியிருக்கிறதா என்று பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் பென்ஷன் சிலிப்பை இறக்கிப் பார்த்துத்தான் உறுதிசெய்தேன். உங்கள் வீட்டில் ஏறவில்லையென்றால், பிறந்த தேதிக்கான ஆதாரத்துடன் ஸ்பர்ஷில் குறை பதிவு செய்யுங்கள். நிலுவையும் சேர்ந்து வரும். ஸ்பர்ஷ் உதவி எண் 1800-180-5325.

பணிக்காலத்தில் ஏற்பட்ட காயத்தாலோ நோயாலோ 100 சதவீத ஊனம் என்று மருத்துவ வாரியம் சொல்லி ஊன பென்ஷன் வாங்குபவருக்கு, கூடவே ஓர் ஆள் இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், நிரந்தர உதவியாளர் படி உண்டு. கான்ஸ்டன்ட் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்று கேளுங்கள். 2017-ல் அதை மாதம் 6,750 ரூபாயாக உயர்த்தினார்கள். வயதானதால் நடக்க முடியாமல் போனவருக்கு இது கிடைக்காது, அப்பாவுக்கும் இல்லை. ஆனால் தகுதி இருந்தும் பெயரே கேள்விப்படாத குடும்பங்கள் இருக்கின்றன. பிபிஓவில் 'டிஸெபிலிட்டி' என்ற சொல் இருந்தால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

வருடா வருடம் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். பொதுவாக நவம்பர் மாதம். 80 கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். படுத்திருப்பவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே பதிவு செய்துவிடலாம். ரேகை தேய்ந்துபோன விரல்களோடு போராடிய குடும்பங்களுக்கு இது பெரிய விடுதலை. ஒன்றில் மட்டும் கவனம்: ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள், பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் தங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அங்கே 'ஸ்பர்ஷ் - பிசிடிஏ (பென்ஷன்ஸ்) அலகாபாத்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் சர்டிபிகேட் பதிவான ரசீது கையில் இருக்கும், பென்ஷன் நின்றிருக்கும். செயலி கைவராவிட்டால் தபால்காரரிடம் சொல்லுங்கள். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாக 70 ரூபாய்க்கு வீட்டுக்கு வந்து முடித்துத் தருவார்.

இசிஎச்எஸ்: எதைத் தரும், எதைத் தராது

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. பென்ஷன் வாங்கும் படைவீரருக்கும் மனைவிக்கும் சாகும்வரை சிகிச்சை, செலவுக்கு உச்சவரம்பு இல்லை. ஹவில்தார் வரையிலான ரேங்குக்கு ஒருமுறைச் சந்தா 30,000 ரூபாய், ஜேசிஓக்களுக்கு (நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996 ஜனவரி 1-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தாவே கிடையாது. 80 வயதைத் தொட்ட பெரும்பாலானவர்கள் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். "பணம் கட்டணுமாமே" என்று சொல்லியே இன்றுவரை கார்டு எடுக்காத பெரியவர்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்கள் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை என்பதைப் போய்ச் சொல்லுங்கள்.

எதைத் தராது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு இசிஎச்எஸ் சம்பளம் தராது. முதியோர் இல்லக் கட்டணமும் தராது. இதை எதிர்பார்த்து, இசிஎச்எஸ்ஸின் மருத்துவ நிலையமான பாலிகிளினிக்கில் நின்று ஏமாந்து, கோபத்தில் மற்றதையும் விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மற்றது பெரிது. மாத மருந்து, பரிசோதனை, பல், பிசியோதெரபி, பெரிய மருத்துவமனைக்கு ரெஃபரல் எல்லாம் உண்டு. காது கேட்கும் கருவி, மூச்சுக்கு உதவும் சிபேப், பைபேப், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஆகியவற்றை வாங்கினால் வரம்புக்கு உட்பட்டுப் பணம் திரும்பக் கிடைக்கும். நிபுணர் எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, அதற்குப் பிறகுதான் கடையில் வாங்க வேண்டும். வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் அலைச்சல்தான்.

படுக்கையில் இருப்பவருக்கு மாத மருந்து வாங்க அவரையே தூக்கிச் செல்ல வேண்டுமா என்பதே எங்களுக்கு வந்த முதல் கவலை. பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரியை (ஓஐசி என்பார்கள்) நேரில் பார்த்து நிலைமையைச் சொன்னேன். அப்பாவின் கார்டு, மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, அவர் கைரேகை வைத்த அதிகாரக் கடிதம் ஆகியவற்றோடு நானே வாங்கிக்கொள்ளலாம் என்றார். கவுன்டரில் வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள். நேராக ஓஐசியைப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் தாங்களே ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ரேங்க், ரெஜிமென்ட், ஓய்வுபெற்ற வருடம் மூன்றையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள், பேச்சு சுலபமாகும்.

சின்னச் சந்தேகங்களுக்கு 'சேஹத் ஓபிடி' இருக்கிறது. 2021 மே மாதம் தொடங்கிய வீடியோ ஆலோசனை. ராணுவ மருத்துவர் திரையில் வருவார், மருந்துச் சீட்டும் அதிலேயே வரும். புண், வீக்கம், இருமல் போன்றவற்றுக்குக் கைபேசியைப் பக்கத்தில் காட்டிப் பேசினால் ஒரு பயணம் மிச்சம்.

நள்ளிரவில் மூச்சுத் திணறல் வந்தால் எந்த மருத்துவமனை கிட்டே இருக்கிறதோ அங்கே போங்கள். இசிஎச்எஸ் பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றால் அவசரத்துக்கு ரெஃபரல் வேண்டாம், கார்டைக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். பிறகு பில்லைச் சமர்ப்பித்துத் திரும்பப் பெறலாம். பட்டியலை அச்செடுத்து, கிட்டே இருக்கும் இரண்டு மருத்துவமனைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, இசிஎச்எஸ் உதவி எண்ணான 1800-114-115-ஐயும் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அவசரம் வரும்போது வீட்டில் அம்மா மட்டும் இருக்கலாம்.

மத்திய அரசு 2024 அக்டோபரில் 70 வயது கடந்தவர்களுக்குத் தொடங்கிய 5 லட்ச ரூபாய்க் காப்பீட்டு அட்டையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இசிஎச்எஸ் உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். என் கருத்து: இசிஎச்எஸ்ஸை விடாதீர்கள். அந்த அட்டை மருத்துவமனையில் படுத்தால்தான் உதவும். வயதானவருக்கு மாதாமாதம் வேண்டிய மருந்து அதில் வராது.

பென்ஷன் இல்லாத படைவீரர்

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சில வருடமே இருந்துவிட்டு, பென்ஷனுக்குத் தேவையான பணிக்காலம் நிறையாமல் வந்தவர்கள் ஏராளம். இவர்களுக்கு இசிஎச்எஸ் இல்லை, ஸ்பர்ஷ் இல்லை. வீட்டில் யாரும் இவரை 'மிலிட்டரிக்காரர்' என்று சொல்வதுகூட நின்றுபோயிருக்கும். இவர்களைத்தான் முதலில் தேடிப் பிடிக்க வேண்டும் என்பேன்.

65 வயது கடந்த, பென்ஷன் இல்லாத, ஹவில்தார் வரையிலான ரேங்க் உள்ள முன்னாள் படைவீரருக்கும், அப்படிப்பட்டவரின் விதவைக்கும், முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு 'பெனுரி கிராண்ட்' என்ற உதவித்தொகை தருகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். கொடிநாள் நிதியிலிருந்து வரும் பணம் இது. டிசம்பர் 7-ல் பள்ளிக்கூடத்தில் நாம் உண்டியலில் போட்ட காசு போய்ச் சேரும் இடங்களில் இதுவும் ஒன்று. இவர்களுக்கே மருத்துவச் செலவுக்கும், புற்றுநோய், டயாலிசிஸ் போன்ற பெரிய நோய்களுக்கும் தனித்தனி மானியம் உண்டு.

விண்ணப்பம் போர்டின் இணையதளத்தில். சரிபார்ப்பது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்துவிட்டது என்று பலர் கையை விரித்துவிடுவார்கள். ஆர்மி நம்பர் நினைவிருந்தால் போதும், ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி நகல் கேட்கலாம். அந்த நம்பர் நினைவிருக்கும். அப்பாவுக்குச் சில நாள் என் பெயர் வராது. நம்பரைக் கேட்டால் கழுத்தை நிமிர்த்தி ஒரு மூச்சில் சொல்லுவார்.

நல அலுவலகத்துக்குப் போகும்போது மாநில அரசின் தொகுப்பு நிதியிலிருந்து பக்கவாதம், பார்வையிழப்பு, புற்றுநோய் ஆகியவற்றுக்கு இப்போது என்ன உதவி இருக்கிறது என்று தனியாகக் கேளுங்கள். பென்ஷன்காரரும் இதைக் கேட்கலாம். வேலை நகரவில்லையென்றால், ஆட்சியர் அலுவலகத்தில் அவ்வப்போது நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். அதில் மனு எண் கிடைக்கும்.

வீட்டுக்கு வரும் உதவி ராணுவத்திடமிருந்து வராது

எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான், எல்லோரும் மறப்பதும் இதைத்தான். தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கு வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் ஒரு வலி தணிப்புச் செவிலியரும் உண்டு. ராணுவக் கார்டு இருப்பதால் உங்களுக்கு இது இல்லை என்பதில்லை.

உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைக் கொடுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய்ச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி, இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு அப்பாவை எழுப்பக் கற்றுக்கொடுத்தார். அதுவரை நானும் அம்மாவும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்குத் தோள் வலி, எங்களுக்கு முதுகு வலி. அவர் கற்றுத்தந்தபடி, முதலில் படுக்கையின் ஓரத்துக்கு நகர்த்தி, கால் இரண்டும் தரையில் பதியவைத்து, 'மூக்கு முழங்காலுக்கு நேரா வரணும் தாத்தா' என்று சொல்லி முன்னால் சாயவைத்து, பெல்ட்டில் லேசாக ஓர் இழுப்பு. அவ்வளவுதான், எழுந்துவிட்டார்.

வலி தணிப்புச் செவிலியர் வந்த அன்று முதுகைத் திருப்பிப் பார்த்து, வால் எலும்புக்கு மேல் ஒரு ரூபாய் நாணய அளவு சிவந்திருப்பதைக் காட்டினார். நாங்கள் அதைச் சூட்டுக் கட்டி என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள், சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், காற்று மெத்தை வாங்குங்கள், துணி ஈரமாக இருக்க விடாதீர்கள். அம்மா மணியைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைத்துப் புரட்டினார். பதினைந்து நாளில் சிவப்பு மறைந்தது.

பார்த்துக்கொள்ளும் ஆட்கள்

ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்வது நடக்காது. மூன்று மாதத்தில் அவரும் படுத்துவிடுவார். ஆகவே ஆட்களைச் சேருங்கள்.

உள்ளூர் முன்னாள் படைவீரர் சங்கத்தில் இருந்து தொடங்குங்கள். சந்தா கட்டி, கொடியேற்றத்துக்குப் போகும் இடம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது பக்கத்து ஊரில் இருப்பார். எங்களுக்கு ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவதையும் சிறுநீர்க் குழாய்ப் பையைக் கவனிப்பதையும் அவர்தான் எனக்குப் பழக்கினார். நகரத்து நர்ஸ் ஏஜென்சிக்கு அலைவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைச் சங்கத்தில் கேட்டுவிடுங்கள்.

பாலிகிளினிக் பயணத்தையும் பங்கு போடலாம். நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து மாதம் ஒருநாள் ஒரே வேனில் போகிறோம். முறை வைத்து ஒருவர் எல்லோருடைய கார்டையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார். வேன் வாடகை நாலில் ஒரு பங்கு. நாலில் மூன்று மாதம் வரிசையில் நிற்கும் அலைச்சலும் எனக்கு இல்லை.

சம்பளத்துக்கு ஆள் வைப்பதானால் பகலுக்கு வைப்பதா, இரவுக்கு வைப்பதா என்று யோசியுங்கள். பலரும் பகலுக்கு வைக்கிறார்கள். நான் இரவுக்கு என்பேன். தூக்கம் கெட்டுப்போன வீட்டில்தான் கோபம் வருகிறது, விழுவதும் இரவில்தான். ஆளின் ஆதார் நகலும் முந்தைய வீட்டின் எண்ணும் வாங்குங்கள். முதல் வாரம் கூடவே இருங்கள். கேன்டீன் கார்டும் ஏடிஎம் கார்டும் வேறு கையில் போகக் கூடாது.

இன்னொன்று, படைவீரர்களுக்கே உரியது. அவரைக் குளிப்பாட்ட வந்த ஆளைப் பத்து நாள் அப்பா கிட்டே விடவில்லை. கத்தினார், ஒருமுறை கையை ஓங்கினார். நர்சிங் அசிஸ்டென்ட் மாமா வந்து பார்த்துவிட்டு, "காலையிலே அஞ்சு மணிக்கு ஷேவிங் சாமானை முன்னாலே வையுங்க, முதல்லே அவரே ஷேவ் பண்ணட்டும்" என்றார். பித்தளைக் கிண்ணத்தில் வெந்நீர், பிரஷ், கண்ணாடி. கை நடுங்க நடுங்க நுரையைத் தானே பூசிக்கொண்டார். கத்தியை மட்டும் மாமா பிடித்தார். ஷேவ் முடிந்ததும் குளிக்கப் போவது அவருக்கு உத்தரவே இல்லாமல் வரும் அடுத்த வேலை. அன்றிலிருந்து சண்டை இல்லை. அவர் இருபது வருடம் பழகிய ஒழுங்கைக் கண்டுபிடித்து, அதன் மேல் பராமரிப்பை ஏற்றுங்கள்.

வீட்டில் முடியாதபோது

சில நிலைகளில் வீடு போதாது. தண்டுவடம் பாதித்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த படைவீரர்களுக்கு, புனே அருகே கிர்க்கியிலும் பஞ்சாபில் மொகாலியிலும் பாராப்ளீஜிக் மறுவாழ்வு மையங்கள் உள்ளன. கிர்க்கி மையம் 1974-லிருந்து நடக்கிறது. தூரம்தான், ஆனால் அந்தக் காயத்தை அறிந்தவர்கள் நடத்தும் இடம். மறதி நோய் முற்றியவர்களுக்குச் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் டெம்கேர்ஸ் பிரிவு குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது.

முதியோர் இல்லம் பார்க்கப் போனால், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த இல்லமா என்று கேளுங்கள். பகலில் ஒருமுறையும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறையும் போங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று எண்ணுங்கள். படுத்திருக்கும் ஒருவரின் குதிகாலைப் பார்க்க அனுமதி கேளுங்கள். குதிகால் சுத்தமாகவும் புண்ணில்லாமலும் இருந்தால் அங்கே புரட்டிவிடுகிறார்கள் என்று பொருள். எந்த மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவும், முதியவரை வீட்டில் கொடுமைப்படுத்தினால் புகார் சொல்லவும் 14567 என்ற எண் இருக்கிறது. காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.

அம்மாவின் பெயரில் ஒரு கோப்பு

பார்த்துக்கொள்பவர்களில் அதிகம் பார்த்துக்கொள்பவர் அம்மா. அவருக்கும் எழுபத்தாறு. இன்றைக்கே அவர் பெயரில் தனியாக ஒரு கோப்பு போடுங்கள். குடும்பப் பென்ஷனுக்கு அவர் பெயர் பிபிஓவில் இருக்க வேண்டும். அவருடைய இசிஎச்எஸ் கார்டு அவர் கையில் இருக்க வேண்டும். அவரையும் பாலிகிளினிக்குக்கு அழைத்துப்போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வருடத்தில் அம்மா தன் மாத்திரையைப் பாதி நாள் போடவே இல்லை.

அப்பா போன பிறகு ஸ்பர்ஷுக்கு உடனே தெரிவித்து, இறப்புச் சான்றுடன் குடும்பப் பென்ஷனுக்கு மாற்ற வேண்டும். அதுவரை கணக்கில் வரும் அப்பாவின் பென்ஷனை எடுக்காதீர்கள், பின்னால் பிடித்துக்கொள்வார்கள். படைவீரரின் மனைவி என்ற அடையாள அட்டையை நல அலுவலகத்தில் வாங்குங்கள். 80 வயதில் கூடும் அந்த 20 சதவீதம் குடும்பப் பென்ஷனுக்கும் உண்டு. அது வருவதற்கு அம்மாவின் பிறந்த தேதி பதிவில் இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் இருந்த ராணுவக் காகிதம் எதிலும் அது இல்லை. ஆதாரை வைத்துப் பதியச் சொல்லி வெலிங்டனுக்கு எழுதினோம், போன மாதம் திருத்திய ஆணை வந்தது. அம்மா அதை வாங்கி, தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டு, டிரங்க் பெட்டியில் அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு மேல் வைத்தார்.